பட்டியலும் கேள்வியும்: மாணவர் இதழ்களில் பதிப்புரிமை குறித்து ஓர் ஒப்பாய்வு

மாணவர் இதழ் நடத்துபவர்களிடையே இரண்டு நம்பிக்கைகள் வேரூன்றியிருக்கின்றன. ‘நாம் மாணவர்கள், இதழை விற்பதும் இல்லை, எதை எடுத்துப் போட்டாலும் யாரும் கேட்கப்போவதில்லை’ என்பது ஒன்று. ‘எதற்கு வம்பு, அடுத்தவர் எழுதிய ஒரு வரிகூட நம் இதழில் வர வேண்டாம்’ என்பது இன்னொன்று. முதலாவது, எழுதியவர், வரைந்தவர், படமெடுத்தவர் ஆகியோரின் உழைப்பை மதிக்கத் தவறுகிறது. இரண்டாவதோ, ஒரு நூலையோ திரைப்படத்தையோ தலைவரின் பேச்சையோ மேற்கோள் காட்டி விமரிசிக்கும் உரிமையை மாணவர் தாமாகவே கைவிடச் செய்கிறது. இரண்டுக்குமே சட்டத்தில் ஆதாரம் கிடையாது.

ஆதாரத்தைத் தேடப் போகும் மாணவருக்கு முதலில் கிடைப்பது அமெரிக்கச் சட்டம். தமிழ் யூடியூப் காணொளிகள் பலவற்றின் கீழே அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டத்தின் 107-ஆம் பிரிவைச் சுட்டும் பொறுப்புத் துறப்பு வாசகம் ஒட்டப்பட்டிருப்பதை யாரும் பார்க்கலாம். மதுரையில் அச்சாகி மதுரையில் வாசிக்கப்படும் கல்லூரி மலருக்கு அந்த வாசகம் எந்தப் பாதுகாப்பும் தராது. இங்கே செல்லுபடியாவது 1957-ஆம் ஆண்டு இந்தியப் பதிப்புரிமைச் சட்டமும் அதன் 52-ஆம் பிரிவும்தான். அப்படியென்றால் அமெரிக்கச் சட்டத்தை நாம் ஏன் படிக்க வேண்டும்? இந்தியச் சட்டம் எங்கே தாராளமானது, எங்கே கறாரானது என்பது அமெரிக்கச் சட்டத்தை அருகில் வைத்துப் பார்க்கும்போதுதான் தெளிவாகிறது. அத்தோடு, இந்தியச் சட்டம் சொல்லாமல் விட்ட இடங்களில் ஆசிரியர் குழு எப்படி யோசிக்க வேண்டும் என்பதையும் அது கற்றுத்தருகிறது.

இரு களங்கள்

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் மாணவர் இதழ் என்பது பெரும்பாலும் செய்தித்தாள். ஹார்வர்டின் ‘கிரிம்சன்’ 1873 முதலும் யேலின் ‘டெய்லி நியூஸ்’ 1878 முதலும் மாணவர் கையில் இயங்கிவருகின்றன. இவற்றைப் போன்ற இதழ்கள் விளம்பரம் வாங்குகின்றன. பல, பல்கலைக்கழகத்திலிருந்து விலகித் தனி அமைப்பாகவே நடக்கின்றன. சட்டச் சிக்கல் வந்தால் ஆலோசனை கேட்க 1974-இல் தொடங்கப்பட்ட மாணவர் பத்திரிகைச் சட்ட மையம் இருக்கிறது.

நம் ஆண்டு மலரின் அமைப்பு வேறு. மாணவர் கட்டும் கட்டணத்திலிருந்து அதற்குப் பணம் ஒதுக்கப்படும். ஒரு பேராசிரியர் பொறுப்பாசிரியராக இருப்பார். மாணவர் சிலர் ஆசிரியர் குழுவில் இருப்பார்கள். கல்வியாண்டு முடியும் தறுவாயில் படைப்புகள் அவசர அவசரமாகத் திரட்டப்பட்டு அச்சகத்துக்குப் போகும். பக்கம் நிரம்பாத இடத்தில் எதையாவது போட்டு நிரப்புவதும் அப்போதுதான் நடக்கிறது. பதிப்புரிமை மீறல்களில் பெரும்பாலானவை கெட்ட எண்ணத்தால் வருபவை அல்ல. அந்தக் கடைசி வார அவசரத்தில் வருபவை.

இந்த வேறுபாடு சட்டத்தின் கண்ணிலும் படும். அமெரிக்காவில் இலாப நோக்கற்ற கல்விப் பயன்பாடா என்பது நீதிமன்றம் எடைபோடும் முதல் கேள்வியின் ஒரு பகுதி. விளம்பரம் வாங்கும் செய்தித்தாளுக்கு அந்தச் சலுகை முழுதாகக் கிடைக்காது. இந்தியாவில், விற்கிறோமா இல்லையா என்பதைவிட, எடுத்தாண்ட நோக்கம் சட்டம் பெயர் சொல்லி அனுமதித்த நோக்கங்களில் ஒன்றா என்பதே முதலில் பார்க்கப்படும்.

பிரிவு 107, பிரிவு 52

அமெரிக்கச் சட்டத்தின் நியாயப் பயன்பாட்டுக் கொள்கை 1841-இல் ஒரு தீர்ப்பில் பிறந்தது. ஜார்ஜ் வாஷிங்டனின் கடிதங்களையும் வாழ்க்கையையும் ஜாரட் ஸ்பார்க்ஸ் 12 தொகுதிகளாகப் பதிப்பித்திருந்தார். சார்லஸ் அப்பம் என்பவர் 866 பக்கங்களில் தாம் எழுதிய வாஷிங்டன் வரலாற்றில் அத்தொகுதிகளிலிருந்து 353 பக்கங்களை அப்படியே எடுத்துக்கொண்டார். வழக்கை விசாரித்த நீதிபதி ஜோசப் ஸ்டோரி, எடுத்த பகுதியின் இயல்பு, அளவு, மதிப்பு, மூல நூலின் விற்பனைக்கு நேரும் பாதிப்பு ஆகியவற்றைப் பார்த்து, இது மீறலே என்றார். அப்பம் எழுதியது பள்ளி நூலகங்களுக்கான வரிசையில் வந்த நூல். அந்த நல்ல முயற்சிக்குத் தம் தீர்ப்பு இடையூறாகுமே என்று வருந்தியபடியேதான் ஸ்டோரி அப்படித் தீர்ப்பளித்தார். கல்வி நோக்கம் மட்டுமே எல்லாவற்றையும் காப்பாற்றிவிடாது என்ற பாடம் அக்கொள்கை பிறந்தபோதே அதனுடன் சேர்ந்து பிறந்தது.

1976-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 107-ஆம் பிரிவு அந்த அளவுகோல்களை நான்கு கேள்விகளாக எழுதிவைத்தது. எடுத்தாளும் நோக்கமும் தன்மையும் என்ன? எடுக்கப்படும் படைப்பு எத்தகையது? எவ்வளவு, எந்த முக்கியமான பகுதி எடுக்கப்பட்டது? மூலப் படைப்பின் சந்தைக்கு என்ன விளைவு? விமரிசனம், கருத்துரை, செய்தி, கற்பித்தல், ஆய்வு என்று சில எடுத்துக்காட்டுகளை அப்பிரிவு சொன்னாலும் அவற்றோடு நின்றுவிடவில்லை. எந்தப் பயன்பாட்டையும் இந்த நான்கு கேள்விகளில் வைத்து நியாயம் கேட்கலாம். விடை மட்டும் முன்கூட்டியே உறுதியாகத் தெரியாது.

இந்தியச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு ஒரு நீண்ட பட்டியல். அதன் தொடக்கத்தில் வரும் நியாயமான கையாளுகை மூன்று நோக்கங்களுக்கே உரியது: ஆய்வு உள்ளிட்ட சொந்தப் பயன்பாடு, அந்தப் படைப்பையோ வேறொரு படைப்பையோ விமரிசிப்பது அல்லது மதிப்புரைப்பது, பொதுமேடைச் சொற்பொழிவு உட்பட நடப்பு நிகழ்வுகளைச் செய்தியாக்குவது. 2012-ஆம் ஆண்டுத் திருத்தம் இதைக் கணினி நிரல் தவிர்ந்த எல்லாப் படைப்புகளுக்கும் விரித்தது. இந்த மூன்றிலோ, தொடர்ந்து வரும் பல தனிக் கூறுகளில் ஒன்றிலோ அடங்காத பயன்பாடு எவ்வளவு நல்லெண்ணத்தோடு செய்யப்பட்டாலும் பாதுகாப்புக்கு வெளியேதான் நிற்கும்.

ஆனால் அந்தத் தனிக் கூறுகளில் மாணவர் இதழுக்கு நேரடியாக உதவுபவை உண்டு. பெரும்பாலான ஆசிரியர் குழுக்களுக்கு அவை தெரியாது. நடப்புப் பொருளாதார, அரசியல், சமூக, சமயப் பொருள்கள் பற்றிய ஒரு கட்டுரையை, மறுபிரசுர உரிமையை ஆசிரியர் வெளிப்படையாகத் தம்மிடம் வைத்துக்கொண்டிருந்தாலொழிய, செய்தித்தாளோ பருவ இதழோ எடுத்து வெளியிடலாம் என்கிறது ஒரு கூறு. பெரும்பாலும் பதிப்புரிமை இல்லாத பகுதிகளால் ஆன, கற்பித்தலுக்கான தொகுப்பில், பாடத்துக்கென்று வெளியிடப்படாத இலக்கிய நூல்களிலிருந்து சிறு பகுதிகளைச் சேர்க்கலாம் என்கிறது இன்னொன்று. ஒரே பதிப்பகம் ஒரே ஆசிரியரின் நூல்களிலிருந்து ஐந்தாண்டில் இரண்டு பகுதிகளுக்கு மேல் வெளியிடக் கூடாது என்ற எல்லையும் அதில் இருக்கிறது. நீதிமன்றத் தீர்ப்புகளை, நீதிமன்றமே தடுத்தாலொழிய, வெளியிடலாம். பொது இடத்தில் நிலையாக வைக்கப்பட்ட சிலையைப் படமெடுத்துப் போடலாம். முதல் கூறுக்கு இணையான ஒரு தெளிவான அனுமதி அமெரிக்கச் சட்டத்தில் இல்லை.

நகலகங்கள் சொன்ன பாடம்

கேள்வி முறை தாராளமானது, பட்டியல் முறை குறுகலானது என்று பொதுவாகச் சொல்வதுண்டு. மாணவர் வாழ்க்கைக்கு மிக நெருக்கமான ஒரு பொருளில், அதாவது பாடப் பகுதிகளின் நகல் தொகுப்பில், இந்தக் கருத்து தலைகீழானது.

அமெரிக்காவில் கின்கோஸ் என்ற நகலகம், பேராசிரியர்கள் குறித்துக் கொடுத்த நூல் பகுதிகளை நகலெடுத்துத் தொகுத்து மாணவருக்கு விற்றுவந்தது. பதிப்பகங்கள் வழக்குத் தொடுத்தன. வகுப்பறைக்கான பல படிகள் என்று 107-ஆம் பிரிவிலேயே சொல்லப்பட்டிருந்தும், 1991-இல் நியூயார்க் நீதிமன்றம் இது நியாயப் பயன்பாடு அல்ல என்று சொல்லி 5 லட்சத்து 10 ஆயிரம் டாலர் இழப்பீடு விதித்தது. நகலகத்தின் இலாபமும் பதிப்பகங்களின் உரிமக் கட்டணத்துக்கு நேரும் இழப்பும் தராசை ஒரு பக்கமாகச் சாய்த்தன.

தில்லிப் பொருளியல் பள்ளி வளாகத்தில் இயங்கிய ராமேஸ்வரி நகலகத்தின் மீது 2012-இல் ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகப் பதிப்பகங்களும் டெய்லர் அண்ட் பிரான்சிஸும் தொடுத்த வழக்கும் ஏறத்தாழ அதே செயலைப் பற்றியதுதான். மாணவர்கள் சங்கம் அமைத்து இவ்வழக்கில் தங்களையும் சேர்த்துக்கொண்டு வாதாடினார்கள். கற்பித்தலின்போது ஆசிரியரோ மாணவரோ படைப்பைப் படியெடுக்கலாம் என்ற 52-ஆம் பிரிவுக் கூறு, வகுப்பறைக்குள் நடக்கும் ஒரு மணி நேரத்தை மட்டும் குறிப்பதல்ல, கல்வியாண்டு முழுவதிலும் நடக்கும் கற்பித்தலைக் குறிப்பது என்று 2016 செப்டம்பரில் தில்லி உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி தீர்ப்பளித்தார். அதே ஆண்டு டிசம்பரில் இரு நீதிபதிகள் அமர்வும் இந்த விளக்கத்தை ஏற்றது. எடுத்த அளவு கற்பித்தலுக்குத் தேவையானதுதானா என்பதே அளவுகோல் என்று கூறி, அந்த உண்மையை ஆராயும்படி வழக்கைத் திருப்பி அனுப்பியது. 2017 மார்ச்சில் பதிப்பகங்கள் வழக்கைத் திரும்பப் பெற்றுக்கொண்டன.

ஒரே வகைச் செயல் அங்கே தோற்றது, இங்கே வென்றது. நம் சட்டம் ஒரு நோக்கத்தைப் பெயர் சொல்லி அனுமதித்திருந்தால் அந்த அனுமதி உறுதியானது என்பதே இதில் நாம் கற்பது. ஆனால் இந்த வெற்றியை ஆண்டு மலருக்கு நீட்டிக்க முடியாது. அந்தக் கூறு கற்பித்தலுக்கானது. இதழியல் துறை தன் பாடத்தின் பகுதியாக நடத்தும் பயிற்சி இதழுக்கு அது பொருந்தும் என்று ஒருவேளை வாதாடலாம். எல்லா மாணவருக்கும் வழங்கப்படும் மலருக்கு அப்படி வாதாடுவது கடினம்.

எத்தனை வரி?

மாணவர் ஆசிரியர்கள் எப்போதும் கேட்கும் கேள்வி இது. பத்து விழுக்காடு, 30 விநாடி, 250 சொல் என்றெல்லாம் காற்றில் உலவும் கணக்குகள் எதற்கும் இரு சட்டங்களிலும் இடமில்லை.

அமெரிக்க முன்னாள் குடியரசுத் தலைவர் ஜெரால்டு ஃபோர்டின் தன்வரலாறு வெளிவரும் முன்பே, அதன் கையெழுத்துப் படியைப் பெற்ற ‘த நேஷன்’ இதழ் அதை வைத்து ஒரு கட்டுரை வெளியிட்டது. ஏறத்தாழ இரண்டு லட்சம் சொற்கள் கொண்ட படியிலிருந்து அது அப்படியே எடுத்தது 300 சொற்கள் அளவே. ஆனால் அவற்றில் நிக்சனுக்கு மன்னிப்பு வழங்கியதைப் பற்றிய, நூலின் உயிர்நாடியான பகுதி இருந்தது. நூல் பகுதியை முதலில் வெளியிட ஒப்பந்தம் செய்திருந்த ‘டைம்’ இதழ் தரவேண்டிய 12,500 டாலரைத் தராமல் விலகிக்கொண்டது. 1985-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ‘த நேஷன்’ செய்ததை மீறல் என்றது. குறைவாக எடுப்பது மட்டுமே ஒருவரைக் காப்பாற்றாது.

நிறைய எடுத்தாலும் சில வேளை தப்பு இல்லை. டெக்சாஸில் ஓர் உயர்நிலைப் பள்ளியின் சாஃப்ட்பால் அணியும் கொடி அணிவகுப்புக் குழுவும் 2017-இல் விளையாட்டு உளவியலாளர் கீத் பெல்லின் நூலிலிருந்து ஒரு முழுப் பக்கத்தை ஆசிரியர் பெயரோடு ட்விட்டரில் பகிர்ந்தன. புகார் வந்ததும் நீக்கின. 2022-இல் ஐந்தாம் சுற்று மேல்முறையீட்டு நீதிமன்றம் அது நியாயப் பயன்பாடு என்றது. இலாபம் எதுவும் இல்லை; நூலின் விற்பனை பாதிக்கப்பட்டதற்கான அறிகுறியும் இல்லை. இந்தியாவில் இதே செயல் எங்கே நிற்கும்? ஊக்கமூட்டுவதற்காக ஒரு பக்கத்தைப் பகிர்வது விமரிசனமும் அல்ல, செய்தியும் அல்ல. அணி முழுவதும் பார்க்கும்படி பகிர்ந்ததைச் சொந்தப் பயன்பாடு என்றும் சொல்ல முடியாது. பட்டியலுக்கு வெளியே நிற்கும் நல்லெண்ணம் என்பதற்கு இது சரியான எடுத்துக்காட்டு.

விமரிசனம் என்று வந்துவிட்டால் இரு நாடுகளும் மிக அருகே வருகின்றன. ராய் ஆர்பிசனின் புகழ்பெற்ற பாடலைக் கேலி செய்து ‘டூ லைவ் க்ரூ’ குழு பாடிய பாடல் விற்பனைக்கு வந்ததுதான் என்றாலும், மூலத்தோடு வாதிட்டுப் புதிய பொருளைத் தருவதால் அது நியாயப் பயன்பாடாக இருக்கலாம் என்று 1994-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னது. இரண்டாண்டுக்குப் பின் கேரள உயர் நீதிமன்றத்தில் இதைவிட ஆழமான வழக்கு வந்தது. தோப்பில் பாசியின் ‘நிங்ஙளென்னெ கம்யூனிஸ்டாக்கி’ நாடகத்துக்குப் பதிலடியாக சிவிக் சந்திரன் ஓர் எதிர்நாடகம் எழுதினார். பாசியின் பாத்திரங்களையும் காட்சிகளையும் எடுத்துக்கொண்டே, கம்யூனிசக் கனவு யாரை மறந்துவிட்டது என்று அது கேட்டது. எடுத்த பகுதியின் அளவும் மதிப்பும், எடுத்த நோக்கம், இரண்டும் சந்தையில் போட்டியிடுமா என்ற மூன்றையும் நீதிமன்றம் பார்த்தது. நோக்கம் விமரிசனம் என்பதால் எதிர்நாடகத்துக்கு இடமளித்தது. பட்டியலுக்குள் நுழைந்த பின் இந்திய நீதிமன்றமும் அமெரிக்கக் கேள்விகளுக்கு மிக நெருங்கிய கேள்விகளையே கேட்கிறது என்பதை இவ்வழக்கு காட்டுகிறது.

ஒரு மலரின் பக்கங்கள்

இனி ஒரு வழக்கமான ஆண்டு மலரைப் பக்கம் பக்கமாகப் புரட்டி, ஒவ்வொன்றையும் இரு சட்டங்களின் முன் வைத்துப் பார்ப்போம்.

அட்டையில் மாணவர் ஒருவர் வரைந்த ஒரு நடிகரின் முகம் இருக்கிறது. இணையத்தில் கிடைத்த புகைப்படத்தைப் பார்த்து வரைந்தது. வரைந்தது நம் மாணவர்தானே என்ற வாதம் எடுபடாது. லின் கோல்ட்ஸ்மித் எடுத்த பாடகர் பிரின்ஸின் படத்தை வைத்து ஆண்டி வார்ஹால் உருவாக்கிய ஓவியத்தை ஓர் இதழ் தன் அட்டையில் வெளியிட வார்ஹால் அறக்கட்டளை உரிமம் வழங்கியபோது, புகைப்படம் எதற்குப் பயன்படுமோ அதற்கே ஓவியமும் பயன்படுகிறது என்று 2023-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அந்த அறக்கட்டளைக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. இந்தியச் சட்டமும் கலைப் படைப்பை எந்த வடிவிலும் மறுபடி உருவாக்கும் உரிமையை படைத்தவருக்கே தருகிறது. மாணவர் நேரில் பார்த்து வரைந்த முகமோ மாணவரே எடுத்த படத்திலிருந்து வரைந்ததோ என்றால் சிக்கலே இல்லை.

அடுத்து, ஆண்டு விழா சிறப்பு விருந்தினரின் உரை. அவர் பேசியதைச் செய்தியாகச் சுருக்கி எழுத இந்தியச் சட்டம் வெளிப்படையாக அனுமதிக்கிறது. உரையை எழுத்துக்கு எழுத்து இறக்கி அவர் பெயரில் கட்டுரையாகப் போடுவது வேறு; பொதுமேடையில் பேசியவரே அந்த உரையின் உரிமையாளர் என்று 17-ஆம் பிரிவு சொல்கிறது. ஒரு தொலைபேசி அழைப்பிலோ கடிதத்திலோ முடிகிற அனுமதி இது, கேட்டுவிடுவதே முறை.

நூல் மதிப்புரைப் பக்கம் இரு நாடுகளிலும் பாதுகாப்பானது. நூலின் அட்டைப் படம், கருத்துக்குச் சான்றாகத் தேவையான மேற்கோள்கள் எல்லாம் வரலாம். அதற்கு எதிர்ப் பக்கத்தில் மீதமிருக்கும் இடத்தை நிரப்பக் கண்ணதாசன் பாடல் ஒன்று முழுதாக அச்சாகியிருந்தால் அது இரு நாடுகளிலும் மீறல். கண்ணதாசன் மறைந்தது 1981-இல். இந்தியாவில் பதிப்புரிமை ஆசிரியர் ஆயுளுக்குப் பின் 60 ஆண்டு என்பதால் 2041 முடிய அது நீடிக்கும். அதே பாடலின் இரண்டு வரியை எடுத்து, அதன் சந்த அமைப்பை ஒரு மாணவி ஆராய்ந்தால் அது விமரிசனம். யாருக்கும் அஞ்ச வேண்டியதில்லை. வரிகள் அலங்காரமாக வந்தனவா, ஆராயப்படும் பொருளாக வந்தனவா என்பதே இங்கு எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது.

மொழிபெயர்ப்புப் பக்கத்தில் இரு நாடுகளின் கால அளவு வேறுபடுவது நன்றாகத் தெரிகிறது. மொழிபெயர்க்கும் உரிமை இரு நாடுகளிலும் மூல ஆசிரியருக்குரியது. ஜார்ஜ் ஆர்வெல் 1950-இல் மறைந்தார். இந்தியாவில் அவர் எழுத்துகள் 2010 முடிவோடு பொதுவுடைமையாகிவிட்டன. ‘விலங்குப் பண்ணை’யின் ஓர் அத்தியாயத்தைத் தமிழாக்கி மலரில் போட யார் அனுமதியும் தேவையில்லை. 1945-இல் வெளிவந்த அந்நூலுக்கு அமெரிக்காவில் 95 ஆண்டுக் கணக்கில் 2040 முடிய உரிமை இருக்கிறது. அங்குள்ள மாணவர் இதழ் அனுமதி கேட்டாக வேண்டும். ஜெயகாந்தனை ஆங்கிலத்தில் பெயர்க்க விரும்பும் நம் மாணவரும் அனுமதி கேட்க வேண்டும். அவர் மறைந்தது 2015-இல், உரிமை 2075 வரை. பாரதியின் எழுத்துகளில் அந்தத் தடை ஒன்றும் இல்லை. அவற்றின் உரிமையைச் சென்னை மாகாண அரசு 1949-இல் வாங்கிப் பின்னர் மக்களுக்கே கொடுத்தது. அதன்பின் தமிழக அரசு பல எழுத்தாளர்களின் நூல்களை நாட்டுடைமையாக்கியிருக்கிறது. மதுரைத் திட்டமும் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகமும் அத்தகைய நூல்களைத் திறந்துவைத்திருக்கின்றன. பக்கத்தை நிரப்ப நல்ல எழுத்து வேண்டுமென்றால் முதலில் தேட வேண்டிய இடங்கள் இவை.

கடைசியாக, படங்களின் அடியில் வரும் ‘நன்றி: இணையம்’, ‘நன்றி: கூகிள்’ என்ற வரி. தேடுபொறி எந்தப் படத்துக்கும் உரிமையாளர் அல்ல. நன்றி சொல்வதும் அனுமதி பெறுவதும் ஒன்றாகாது. எடுத்தவர் பெயரைச் சொல்ல வேண்டும் என்பது அமெரிக்காவில் பெரும்பாலும் இதழியல் அறம் மட்டுமே. இந்தியாவில் 57-ஆம் பிரிவு, உரிமையை விற்ற பின்னும் படைப்பாளியின் பெயர் சொல்லப்பட வேண்டும், படைப்பு சிதைக்கப்படக் கூடாது என்று காக்கிறது. விஞ்ஞான் பவனில் இருந்த தம் சுவர்ச் சிற்பத்தை அகற்றிப் பாழாக்கியதற்காக சிற்பி அமர்நாத் சேகல் மத்திய அரசு மீது தொடுத்த வழக்கில், 2005-இல் தில்லி உயர் நீதிமன்றம் அவருக்கு 5 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்கியது இந்தப் பிரிவின் வலிமையால்தான். படம் வேண்டும் என்றால் மாணவரே எடுக்கலாம். அல்லது படைப்பாக்கப் பொதும உரிமத்தில் விக்கிமீடியா பொதுவகம் போன்ற இடங்களில் கிடைப்பவற்றை, எடுத்தவர் பெயரும் உரிமத்தின் பெயரும் குறித்துப் பயன்படுத்தலாம்.

மாணவரும் உரிமையாளரே

பதிப்புரிமை என்றதும் மாணவரைப் பிறர் படைப்பை எடுப்பவராக மட்டுமே நினைக்கிறோம். அவரும் படைப்பாளி என்பதை ஆசிரியர் குழுக்கள் மறந்துவிடுகின்றன. என் கவலை மிகுதியும் இதில்தான்.

இந்தியச் சட்டத்தின் 17-ஆம் பிரிவின்படி எழுதியவரே முதல் உரிமையாளர். பணி ஒப்பந்தத்தின் கீழ்ப் பத்திரிகை உரிமையாளருக்காக எழுதப்பட்டது போன்றவை விலக்கு. கட்டணம் கட்டிப் படிக்கும் மாணவருக்கும் கல்லூரிக்கும் இடையே பணி ஒப்பந்தம் ஏதும் கிடையாது. ஆகவே மலரில் வந்த கவிதை மாணவருடையது. அதைப் பின்னர் தனித் தொகுப்பாக வெளியிட வேண்டுமானால் அவரிடம் எழுத்துமூலம் அனுமதி பெற வேண்டும். கவிதையின் பொருளே மாறும்படி கைவைத்துவிட்டு அவர் பெயரில் அச்சிட்டால் 57-ஆம் பிரிவு அவர் பக்கம் நிற்கும். அமெரிக்காவிலும் கூட்டுத் தொகுப்பில் வந்த தனிப் படைப்பின் உரிமை எழுதியவரிடமே இருக்கிறது; வெளியீட்டாளருக்குக் கிடைப்பது அந்தத் தொகுப்பிலும் அதன் திருத்தப் பதிப்பிலும் வெளியிடும் சலுகை மட்டுமே. 2001-இல் தாசினி வழக்கில், சுதந்திர எழுத்தாளர்களின் கட்டுரைகளை அனுமதியின்றித் தரவுத்தளத்தில் சேர்த்த ‘நியூயார்க் டைம்ஸ்’ இந்தக் கொள்கையால்தான் தோற்றது.

ஆனால் மாணவரின் உரிமையும் எல்லையற்றதல்ல. தங்கள் கட்டுரைகளைச் சேமித்துவைத்து எழுத்துத் திருட்டைக் கண்டறியும் டர்னிட்டின் நிறுவனத்தின் மீது பள்ளி மாணவர்கள் தொடுத்த வழக்கில், கட்டுரையின் கருத்தை விற்காமல் ஒப்பிட மட்டுமே பயன்படுத்துவது நியாயப் பயன்பாடு என்று 2009-இல் நான்காம் சுற்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பிறரிடமிருந்து நாம் எதிர்பார்க்கும் அதே நெகிழ்வை நம் எழுத்துக்கும் ஏற்றுக்கொள்ள வேண்டும் என்பதை இத்தீர்ப்பு மாணவருக்குச் சொல்கிறது.

ஒரு வேறுபாட்டைக் கல்லூரி நிர்வாகங்களும் கவனிக்க வேண்டும். பணம் கொடுத்துப் படமெடுக்கச் சொன்னால், வேறு ஒப்பந்தம் இல்லாதபோது, அந்தப் படம் எடுக்கச் சொன்னவருக்கே உரியது என்கிறது இந்தியச் சட்டம். அமெரிக்காவில் எழுத்துமூல ஒப்பந்தம் இல்லையென்றால் வெளியிலிருந்து வந்த படப்பிடிப்பாளரே உரிமையாளர். ஆண்டு விழாப் படங்களை மலரில் போட நமக்குத் தடையில்லை. ஆனால் நண்பரின் கைபேசியில் பணம் வாங்காமல் எடுத்துத் தந்த படம் அந்த நண்பருடையதே.

மீறினால்

விளைவுகளும் வேறுபடுகின்றன. அமெரிக்காவில் உரிய காலத்தில் பதிவு செய்யப்பட்ட ஒரு படைப்புக்கு 750 முதல் 30,000 டாலர் வரையும், வேண்டுமென்றே மீறியிருந்தால் 1,50,000 டாலர் வரையும் சட்டமே இழப்பீடு நிர்ணயிக்கிறது. இலாப நோக்கற்ற கல்வி நிறுவனத்தின் பணியாளர், தாம் செய்தது நியாயப் பயன்பாடு என்று தக்க காரணத்தோடு நம்பிப் படியெடுத்திருந்தால் அந்த நிர்ணய இழப்பீட்டைத் தள்ளுபடி செய்யவும் வழியுண்டு. யோசித்து முடிவெடுத்தவருக்குச் சட்டம் தரும் மதிப்பு அது. இந்தியாவில் பதிவு தேவையே இல்லை; படைத்த கணத்திலேயே உரிமை பிறந்துவிடுகிறது. தெரிந்தே மீறினால் 63-ஆம் பிரிவின் கீழ் ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறையும் 50 ஆயிரம் முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. வணிக இலாபத்துக்காகச் செய்யாதபோது நீதிமன்றம் தக்க காரணம் காட்டித் தண்டனையைக் குறைக்கலாம். கல்லூரி மலரின் மீது வழக்கு வருவது அரிது. அதை வைத்து அடுத்தவர் படைப்பை எடுத்துப் போடலாம் என்று மாணவருக்குப் பழக்கிவிட்டால், நாளை அவர்கள் பத்திரிகையிலும் விளம்பரத்திலும் திரைத்துறையிலும் அதையே செய்வார்கள்.

இரண்டையும் சேர்த்துப் படித்தால்

அமெரிக்கச் சட்டம் எந்தப் பயன்பாட்டையும் தொடக்கத்திலேயே விலக்கிவிடுவதில்லை. ஆனால் வழக்கறிஞர் துணையும் பணமும் இல்லாத மாணவருக்கு உறுதி தருவதில்லை. இந்தியச் சட்டம் புதிய பயன்பாடுகளுக்கு இடம் தரத் தயங்குகிறது. ஆனால் அனுமதித்ததைத் தெளிவாக அனுமதிக்கிறது. மாணவர் ஆசிரியருக்குத் தொடங்க ஏற்றது நம் பட்டியல்தான் என்பது என் முடிவு. ஒன்றை எடுக்கும் முன் ‘இது எந்தக் கூறில் வருகிறது?’ என்று முதலில் கேட்க வேண்டும். விமரிசனமா, நடப்புச் செய்தியா, காலம் முடிந்த படைப்பா, நாட்டுடைமையா, மறுபிரசுர உரிமை ஒதுக்கப்படாத நடப்புக் கட்டுரையா? எதிலும் வரவில்லை என்றால் அனுமதிக் கடிதம் எழுத வேண்டும். விமரிசனம், செய்தி என்று வந்துவிட்டால் அமெரிக்கச் சட்டத்தின் கேள்விகளைக் கேட்க வேண்டும். என் வாதத்துக்கு இவ்வளவு தேவையா? மூலத்தை வாங்க வேண்டியவர் இதைப் படித்துவிட்டு வாங்காமல் போவாரா? கேரளத் தீர்ப்பு காட்டியபடி, நம் நீதிமன்றங்களும் கேட்கும் கேள்விகள் இவைதான்.

இதற்குத் தேவைப்படுவது ஒரே ஒரு தாள். எடுத்த பகுதி, அதன் உரிமையாளர், எடுத்த நோக்கம், பொருந்தும் கூறு அல்லது அனுமதிக் கடிதத்தின் தேதி என்று நான்கு கட்டம் போட்ட அந்தத் தாள் ஒவ்வொரு படைப்போடும் அச்சகத்துக்குப் போகும் முன் நிரப்பப்பட வேண்டும். கடைசி வாரத்து அவசரத்தில் இது முடியாது. படைப்பு கேட்டு அறிவிப்புப் பலகையில் தாள் ஒட்டும் நாளிலேயே தொடங்க வேண்டும். பொறுப்பாசிரியர்கள் இதை ஒரு மணி நேர வகுப்பாக எடுக்கலாம். அந்த வகுப்பில் கற்றுத்தர வேண்டியது பயத்தை அல்ல. விமரிசிக்க நினைக்கும் மாணவருக்குச் சட்டம் எவ்வளவு இடம் விட்டிருக்கிறது என்பதையும், அந்த இடத்தைத் தாண்டும்போது யாரிடம் எப்படிக் கேட்பது என்பதையும்தான். அதைக் கற்றவர்கள் ஆசிரியர் குழுவில் இருந்தால் மலரில் நிரப்புப் பக்கங்கள் குறையும். மேற்கோள் காட்டி வாதாடும் கட்டுரைகள் கூடும்.